கலைவிழா ஆவணங்களைப் பாதுகாத்தல்

ஓவியம் தீட்டி முடித்த பின்னரும் சுவரில் நிலைத்திருக்கிறது. சிற்பம் கல்லில் வாழ்கிறது. ஆனால் நடனமும் நாடகமும் இசையும் நிகழும் பொழுதே கரைந்துவிடுகின்றன. விழாப் பந்தல் பிரிக்கப்பட்ட பின்னர் எஞ்சுபவை அழைப்பிதழ், நிகழ்ச்சி நிரல், புகைப்படங்கள், ஒலிநாடாக்கள், கடிதக் கோப்புகள், கணக்குச் சீட்டுகள் ஆகியவையே. இவை ஒன்று சேர்ந்ததே விழாவின் ஆவணத் தொகுதி. நாடு விடுதலை பெற்ற பின்னர் கலைவிழாக்களுக்கு மத்திய, மாநில அரசுகள் தொடர்ந்து பொருளுதவி அளித்து வந்துள்ளன. விழாவை நடத்துவதில் காட்டப்பெற்ற அக்கறை, அதன் சான்றுகளைக் காப்பதில் காட்டப்பெறவில்லை என்பதே உண்மை.

இக்குறை வெறும் நினைவுப் பொருள்களின் இழப்பு அன்று. எந்தக் கலைக்கு அங்கீகாரம், எந்தக் குழுவுக்கு மானியம், எந்த மரபுக்குப் பயிற்சிப் பள்ளி என்னும் முடிவுகள் பெரும்பாலும் சான்றுகளைச் சார்ந்தே எடுக்கப்படுகின்றன. சான்று இல்லாத கலைக்காக வாதாடுவது கடினம்.

1958 ஆம் ஆண்டின் படிப்பினை

மத்திய அரசின் 1952 ஆம் ஆண்டுத் தீர்மானத்தின்படி அமைக்கப்பெற்ற சங்கீத நாடக அகாதெமி, 1953 ஜனவரி 28 அன்று குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் அவர்களால் தொடங்கி வைக்கப்பெற்றது. தொடக்க ஆண்டுகளிலேயே அது நான்கு பெருங் கருத்தரங்குகளை நடத்தியது: 1955 இல் திரைப்படம், 1956 இல் நாடகம், 1957 இல் இசை, 1958 இல் நடனம். பெயரளவில் கருத்தரங்குகள் எனினும், கட்டுரை வாசிப்புடன் கலைஞர்களின் செயல்முறை விளக்கங்களும் நிகழ்ந்தமையால் நடனக் கருத்தரங்கு விழாவின் இயல்பையும் பெற்றிருந்தது.

அக்கருத்தரங்கில் ஒரிஸ்ஸாவின் காளிசரண் பட்நாயக் ஒடிசி நடனம் பற்றியும், அஸ்ஸாமின் மகேஸ்வர் நியோக் வைணவ சத்திரங்களில் வளர்ந்த சத்ரிய நடனம் பற்றியும் கட்டுரை படித்தனர். ஒடிசி விரைவிலேயே செவ்வியல் நடனங்களின் வரிசையில் இடம் பெற்றது. சத்ரியவுக்கு அந்த இடம் 2000 ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. இடையில் கழிந்தவை நாற்பத்திரண்டு ஆண்டுகள். இவ்வளவு நீண்ட காலம் ஒரு வாதம் உயிர்ப்புடன் இருக்க வேண்டுமாயின், அது எழுத்தில் இருத்தல் வேண்டும். அவ்வெழுத்து தேடுவோர் கைக்கு எட்டும் இடத்திலும் இருத்தல் வேண்டும். 1956 ஆம் ஆண்டு நாடகக் கருத்தரங்கின் கட்டுரைகளும் விவாதங்களும் சுமார் அரை நூற்றாண்டு கழித்து நூல் வடிவம் பெற்றன. யாரோ ஓர் அலுவலர் தட்டச்சுத் தாள்களைக் கழிவுத் தாளுடன் சேர்க்காமல் விட்டிருக்கிறார். அவரது பெயர் எந்த நூலிலும் இராது.

எனினும் எழுத்துக்கு ஓர் எல்லை உண்டு. நடனத்தின் இலக்கணத்தைக் கட்டுரை சொல்லும். ஆடுபவரின் உடல் வேகத்தையோ, தாளத்தோடு அது இணையும் நுட்பத்தையோ சொல்லாது. நாடகத்திலும் இதே நிலை. ஹபீப் தன்வீரின் ‘சரண்தாஸ் சோர்’ விஜய்தான் தேத்தாவின் கதையிலிருந்து பிறந்தது. சத்தீஸ்கரின் நாச்சா கலைஞர்கள் ஒத்திகைகளில் கூட்டியும் குறைத்தும் வளர்த்த நாடகம் அது. 1982 இல் எடின்பரோ விழாவில் பரிசும் பெற்றது. அதன் அச்சுப் பிரதியை மட்டும் படிப்பவர் நாடகத்தின் எலும்புக் கூட்டையே காண்பார். 1989 இல் நேரு நூற்றாண்டையொட்டி அகாதெமி தில்லியில் நடத்திய நாடக விழாவில், விடுதலைக்குப் பிந்திய இந்திய நாடகத்தின் குறிப்பிடத்தக்க படைப்புகள் மீண்டும் மேடையேறின. பழைய தயாரிப்பு ஒன்றை மீண்டும் மேடையேற்ற வசனப் பிரதி மட்டும் போதாது. நடிகர் நுழையும் இடமும் விளக்கு மாறும் நொடியும் இசை தொடங்கும் குறிப்பும் எழுதப்பெற்ற ஒத்திகைக் குறிப்பேடும், ஆடை அணிகளின் வரைபடங்களும் வேண்டும். குழுக்கள் பொதுவாக முதலில் தொலைப்பவை இவையே.

தில்லியில் 1997 இல் தோன்றிய கோஜ் போன்ற கலைஞர் அமைப்புகள் வளர்த்த புதுவகை நிகழ்த்துகலையில் சிக்கல் இன்னும் கூடுகிறது. அங்கே கலைஞரின் உடலே ஊடகம். வசனமும் இல்லை, மரபு இலக்கணமும் இல்லை. ஒரே முறை நிகழ்ந்து மறைவதே அக்கலையின் நோக்கமாகவும் இருக்கக்கூடும். புகைப்படமும் பார்வையாளரின் குறிப்பும் மட்டுமே பின்வருவோருக்குக் கிடைக்கும்.

வானொலி காட்டிய வழி

அகில இந்திய வானொலி 1954 இல் தொடங்கிய சங்கீத சம்மேளனத்தின் நிகழ்ச்சிகள் ஒலிபரப்புக்காகவே பதிவு செய்யப்பெற்றன. கருவியும் பொறியாளரும் பதிவேடும் வானொலியின் அன்றாட நடைமுறையில் இருந்தமையால், ஆவணப்படுத்தல் தனிச் செலவாகத் தோன்றவில்லை. பின்னாளில் பல அரிய கச்சேரிகள் இசைத்தட்டுகளாக வெளிவந்தமைக்கு இதுவே காரணம். தனியார் சபைகள் நடத்திய விழாக்களில் அத்தகைய ஏற்பாடு அரிது. 1875 முதல் ஜலந்தரில் நடைபெற்று வரும் ஹர்வல்லப் சம்மேளனத்தின் தொடக்க காலத்தை அறிய, ஒலிப்பதிவு இல்லாத நிலையில், எழுத்துக் குறிப்புகளையும் வாய்மொழி நினைவுகளையுமே நாட வேண்டியுள்ளது.

பதிவு செய்வது வேறு, பதிவைக் காப்பது வேறு. காந்த நாடா விலை மிகுந்திருந்த காலத்தில், பழைய பதிவை அழித்துவிட்டு அதே நாடாவில் புதியதைப் பதிவது உலகெங்கும் ஒலிபரப்பு நிறுவனங்களில் இருந்த வழக்கம். பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனம் 1960களிலும் 1970களிலும் இவ்வாறு இழந்த நிகழ்ச்சிகளை இன்றும் தேடி வருவது யாவரும் அறிந்ததே.

நாடாவின் நோய்கள்

ஒலிநாடாவின் அமைப்பை அறிந்தால்தான் அதன் அழிவை அறிய இயலும். மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின் மேல் காந்தத் துகள்கள் ஒரு பசையால் ஒட்டப்பெற்றிருக்கும். பழைய நாடாக்களின் பட்டை அசெட்டேட் வகையைச் சார்ந்தது. அது வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதையும் போது அசெட்டிக் அமிலம் வெளிப்படும். பெட்டியைத் திறந்தவுடன் புளிக்காடி வாடை வீசினால் நோய் முற்றி வருகிறது என்று பொருள். அத்தகைய நாடாவை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வைத்தல் வேண்டும். பிற்காலத்துப் பாலியெஸ்டர் பட்டை உறுதியானது. ஆனால் 1970களிலும் 1980களிலும் வந்த பல நாடாக்களில் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கத் தொடங்குகிறது. அதனைக் கருவியில் ஓட்டினால் காந்தப் பூச்சே உரிந்து கருவியின் தலைப்பகுதியில் ஒட்டிக்கொள்ளும். வல்லுநர்கள் இத்தகைய நாடாவைச் சுமார் 50 பாகை வெப்பத்தில் பல மணி நேரம் உலர்த்தி, தற்காலிகமாக ஓடும் நிலைக்குக் கொண்டு வந்து, உடனே படி எடுக்கின்றனர். இது பயிற்சி பெற்றோர் மட்டும் செய்யத்தக்கது; சமையலறை அடுப்பில் முயலத்தக்கது அன்று.

பூஞ்சை நம் நாட்டின் தனித் தொல்லை. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை செழிக்கும். மழைக்காலத்தில் நம் நகரங்கள் பலவற்றில் இந்த அளவு வாரக்கணக்கில் நீடிக்கிறது. குளிரூட்டி வைத்துவிட்டோம் என்று பல அலுவலகங்கள் மனநிறைவு கொள்கின்றன. பகலில் குளிரூட்டியை இயக்கி, மாலை ஐந்து மணிக்கு நிறுத்திவிட்டு வீடு திரும்பும் அலுவலகத்தில் நாடாக்கள் நாள்தோறும் விரிந்து சுருங்குகின்றன; இரவில் அவற்றின் மேல் ஈரமும் படிகின்றது. இந்த ஏற்ற இறக்கத்தைவிட, சற்றே வெப்பமாயினும் ஒரே சீராக இருக்கும் உலர்ந்த அறை மேலானது.

நாடா நலமாக இருந்தும் அதனை ஓட்டக் கருவி இல்லாமற் போவது மற்றொரு கேடு. 1971 இல் வந்த யூ-மேட்டிக், பின்னர் வந்த பீட்டாமேக்ஸ், வி.எச்.எஸ். ஆகிய வடிவங்களில் நம் நாட்டு விழாக்கள் பல பதிவாகியுள்ளன. பீட்டாமேக்ஸ் நாடா விற்பனையைச் சோனி நிறுவனம் 2016 மார்ச்சில் நிறுத்தியது. அதே ஆண்டு ஜூலையில் ஜப்பானின் பூனாய் நிறுவனம் வி.எச்.எஸ். கருவித் தயாரிப்பைக் கைவிட்டது. கருவிகளும் அவற்றைப் பழுது பார்ப்போரும் அருகி வருவதால், 2025 ஆம் ஆண்டையொட்டி நாடாக்களிலிருந்து படி எடுக்கும் வாய்ப்பே பெரிதும் குறைந்துவிடும் என யுனெஸ்கோவும் பன்னாட்டு ஒலி, ஒளி ஆவணக் காப்பகச் சங்கமும் 2019 இல் எச்சரித்தன. அந்த ஆண்டும் வந்து சென்றது.

எண்ணாக மாற்றிய பின்னர்

ஒலிநாடாவை டிஜிட்டல் வடிவுக்கு மாற்றும் போது நொடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரி ஒன்றுக்கு 24 பிட் என்பது குறைந்தபட்ச அளவு. 96,000 மாதிரிகள் என்பது விரும்பத்தக்கது. இரண்டாவது அளவில் ஒரு மணி நேர ஸ்டீரியோ பதிவு ஏறத்தாழ 2 கிகாபைட் இடத்தை எடுத்துக்கொள்ளும். இடத்தை மிச்சப்படுத்த எண்ணிச் சுருக்கிய வடிவில் மட்டும் சேமிப்பது தவறு. சுருக்கத்தில் நீக்கப்பட்ட ஒலியை மீண்டும் பெற இயலாது. கேட்போருக்குச் சுருக்கிய படி, காப்பகத்துக்கு முழுப்படி என இரண்டும் வேண்டும். முழுப்படியின் மூன்று நகல்கள், இரு வேறு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறு ஊரில் இருப்பது நன்று. வட்டில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்ததெனக் கருதுதல் ஆகாது. வட்டும் சில ஆண்டுகளில் பழுதடையும். ஒவ்வொரு கோப்பும் மாறாமல் உள்ளதா எனச் சரிபார்ப்பு எண்ணைக் கொண்டு குறித்த காலந்தோறும் சோதித்து வருதல் வேண்டும். தில்லியில் இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தின் தேசியப் பண்பாட்டு ஒலி, ஒளி ஆவணக் காப்பகம், நம்பகமான டிஜிட்டல் காப்பகங்களுக்குரிய பன்னாட்டுத் தரச் சான்றினை 2017 இல் பெற்றது. கலைத் துறையில் இத்தகைய பணி நம் நாட்டில் இயலும் என்பதற்கு அது சான்று.

பெயர்களும் பயணப்படிச் சீட்டுகளும்

‘இரண்டாம் நாள் மாலை’ என்று மட்டும் எழுதிய நாடா ஒன்று கிடைத்தால் அதனை என்ன செய்வது? பாடியவரைக் குரல் கொண்டு ஒருவாறு கண்டறியலாம். தபலா வாசித்தவரையும் தம்புரா மீட்டியவரையும் கண்டறிவது எளிதன்று. பக்கவாத்தியக்காரர்களின் பெயர்களே முதலில் மறைகின்றன. நாட்டுப்புறக் குழுக்களிலோ தலைவரைத் தவிர அனைவருமே மறைந்துவிடுகின்றனர். நிகழ்ச்சி நிரலில் ‘இன்னாரும் குழுவினரும்’ என்றே அச்சாகிறது.

இங்கே அலுவலர்கள் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. குழுவினர் ஒவ்வொருவரின் பெயரும் ஊரும் வயதும் பயணப்படிச் சீட்டுகளிலும் தங்குமிடப் பதிவேட்டிலும் ஊதியப் பற்றுச் சீட்டுகளிலும் இருக்கக்கூடும். கையொப்பமிடத் தெரியாதவர் கைநாட்டு வைத்திருப்பார். தணிக்கை முடிந்ததும் அழிக்கத்தக்கவை என வகைப்படுத்தப்படும் கோப்புகள் இவையே. மத்திய அரசின் ஆவணங்களைப் பொறுத்தவரை, 1993 ஆம் ஆண்டுப் பொது ஆவணங்கள் சட்டம் விதிமுறைக்குப் புறம்பான அழிப்பைக் குற்றமாக்கியுள்ளது. ஐந்தாண்டு வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆனால் சட்டம் அழிப்பைத் தடுக்குமே அன்றி, எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற விவேகத்தைத் தராது. கணக்குப் பிரிவு கழிக்கும் கோப்பினை விழாப் பிரிவு ஒருமுறை பார்வையிட வேண்டும் என்ற எளிய அலுவலக ஆணை போதும்.

பெயர்களை எழுதும் முறையும் கருதத்தக்கது. ஒரே மணிப்புரிக் கலைஞரின் பெயர் ஆங்கிலத்தில் மூன்று விதமாகவும், இந்தியில் நான்காவது விதமாகவும் எழுதப்பட்டால், பட்டியலில் அவர் நால்வராகிவிடுவார். கலைஞரின் சொந்த மொழி எழுத்தில் ஒருமுறை பதிந்துகொண்டு பிற வடிவங்களை அதனுடன் இணைப்பதே முறை.

கலைஞரின் உரிமை

பதிப்புரிமைச் சட்டம் 1957 ஆம் ஆண்டினது எனினும், நிகழ்த்துவோர்க்கு உரிமை வழங்கியது 1994 ஆம் ஆண்டுத் திருத்தமே. அப்போது 25 ஆண்டுகளாக இருந்த காலம் 1999 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 50 ஆண்டுகளாயிற்று. நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து இது கணக்கிடப்படும்; 2000 இல் ஆடிய ஆட்டத்துக்கு 2050 இறுதி வரை உரிமை உண்டு. 2012 ஆம் ஆண்டுத் திருத்தம், தம் பெயர் குறிக்கப்பெறவும் பதிவு சிதைக்கப்படாதிருக்கவும் கலைஞருக்குத் தார்மிக உரிமை அளித்தது. எனவே பெயர்ப் பட்டியல் நன்றிக்கடன் மட்டுமன்று, சட்டக் கடமையும் ஆகும். ஒப்புதல் படிவம் கலைஞர் அறிந்த மொழியில் இருத்தல் வேண்டும். ஆராய்ச்சிக்கு அனுமதி, ஒலிபரப்புக்கு அனுமதி, விற்பனைக்கு அனுமதி என அதில் தனித்தனியே கேட்க வேண்டும். வழிபாட்டோடு இணைந்த சடங்குப் பகுதிகளைப் பொதுவில் காட்டலாகாது என ஒரு சமூகம் கூறினால், அப்பதிவைக் காப்பகம் வைத்துக்கொண்டு பார்வையை மட்டும் வரையறுக்கலாம்.

காலமும் செலவும்

நாடாவிலிருந்து படி எடுக்கும் பணி விரைவுபடுத்த முடியாதது. ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். சுத்தம் செய்தல், சரிபார்த்தல், விவரம் எழுதுதல் ஆகியவற்றையும் சேர்த்தால் அதனினும் கூடும். ஒரு நிறுவனத்திடம் ஒரு மணி நேர நாடாக்கள் நானூறு உள்ளன எனக் கொள்வோம். ஒரே கருவியில் நாளொன்றுக்கு நான்கு நாடாக்கள் ஓடினால் நூறு வேலை நாள்கள் தேவை. அதற்குள் கருவியின் தலைப்பகுதி தேய்ந்தால் மாற்றுப் பாகத்தைப் பழைய கருவி ஒன்றிலிருந்தே கழற்ற வேண்டியிருக்கும்; ஆகவே ஓடாத கருவிகளையும் ஏலத்தில் விடாமல் வைத்திருத்தல் நலம். நிதியும் கருவியும் எல்லாவற்றுக்கும் போதாத நிலையில், புகழ் பெற்றவரின் நாடாவை முதலில் எடுப்பதே வழக்கமாக உள்ளது. அவருடைய கச்சேரிகள் வானொலியிலும் இசைத்தட்டிலும் வேறு வடிவில் இருக்கக்கூடும். வேறெங்கும் படி இல்லாததும், புளிக்காடி வாடை வீசத் தொடங்கியதுமான நாடாவே முதலில் கருவியில் ஏற வேண்டியது.