சொத்தும் சுதந்திரமும்: ஓர் இளம் வழக்கறிஞருக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் நீ எழுப்பியிருக்கும் சந்தேகம் உன் ஒருவனுடையதன்று. ஆகவே, இம்மறுமொழியை உன்னைப்போல் இப்போதுதான் கறுப்பு அங்கி தரித்து நீதிமன்றப் படியேறும் இளைஞர் எல்லோரும் வாசிக்கும்படி பகிரங்கமாகவே எழுதுகிறேன். பேச்சுரிமைக்காகவும் ஆள் விடுதலைக்காகவும் வாதாட வேண்டுமென்ற ஆசையோடு இத்தொழிலுக்கு வந்த உன்னிடம், முதல் ரிட் மனுவாக ஒரு சிறு விவசாயியின் நில ஆர்ஜித வழக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சொத்துரிமை என்பது செல்வர்களின் கவசம் என்று கேட்டுப் பழகிய உன் மனம், இதை அற்பக் காரியமென்று எண்ணிச் சோர்கிறது. அந்தச் சோர்வு வேண்டாம். நிலத்துக்காக வாதாடுவதும் மனிதனின் விடுதலைக்காக வாதாடுவதும் வெவ்வேறு தொழில்களல்ல என்பதை நம் அரசியல் சாசனத்தின் வரலாறே தெளிவாகக் காட்டும்.

சாசனம் அமலுக்கு வந்து நான்கு மாதம் நிறைவதற்குள், 1950 மே மாதம், சென்னை ராஜ்யத்தில் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலனின் மனுவின்மீது உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறிற்று. அவர் சார்பில் வாதாடிய எம். கே. நம்பியார், சாசனத்தின் 19, 21, 22 ஆகிய ஷரத்துக்களைப் பிரித்துப் படிக்கலாகாதென்றும், ஒருவனுடைய சுதந்திரத்தைப் பறிக்கும் சட்டம் நியாயமான நடைமுறை உடையதுதானா என்று ஆராய்வது நீதிமன்றத்தின் கடமையென்றும் வற்புறுத்தினார். பெரும்பான்மை நீதிபதிகள் இதற்கு இணங்கவில்லை. ஒவ்வோர் உரிமைக்கும் தனித்தனி எல்லை உண்டு, சட்டசபை ஒரு நடைமுறையைச் சட்டமாக இயற்றிவிட்டபின் அது நியாயமானதா என்று கேட்க இடமில்லை என்பதே அத்தீர்ப்பின் சாராம்சம். பஸல் அலி என்ற நீதிபதி மாறுபட்டு எழுதிய அபிப்பிராயம் ஏட்டளவில் நின்றது; தடுப்புக் காவல் சட்டங்கள் அதன்பின் இருபது ஆண்டுகள் அத்தீர்ப்பின் நிழலிலேயே நடந்தன.

அந்நிலையை மாற்றியது எவ்வழக்கு என்று நினைக்கிறாய்? சிறைப்பட்டவர் ஒருவரின் வழக்கன்று. 1969 ஜூலை 19 அன்று மத்திய சர்க்கார் 14 பெரிய வங்கிகளை அவசரச் சட்டத்தின் மூலம் தன்வசமாக்கிக்கொண்டபோது, பங்குதாரரான ஆர். சி. கூப்பர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். பல்கிவாலா அவருக்காக வாதாடினார். 1970 பிப்ரவரி 10 அன்று 11 நீதிபதிகளில் 10 பேர் அந்த அவசரச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம் செல்லாதென்று தீர்த்ததோடு நில்லாமல், சர்க்கார் தன் செய்கைக்குக் கூறும் நோக்கத்தைப் பார்த்து உரிமையின் எல்லையை நிர்ணயிக்கலாகாது, அச்செய்கை பிரஜையின் உரிமையின்மீது என்ன விளைவை உண்டாக்குகிறது என்பதையே பார்க்க வேண்டும் என்றும், உரிமைகள் ஒன்றோடொன்று தொடர்பற்ற தனித்தீவுகளல்ல என்றும் விதி வகுத்தனர். கோபாலன் வழக்கின் அஸ்திவாரம் அன்றே பெயர்ந்தது. 1978-இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில், ஒருவனுடைய சுதந்திரத்தைக் குறைக்கும் நடைமுறை நியாயமும் நேர்மையும் உடையதாக இருந்தாலன்றிச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது, கூப்பர் வழக்கு அமைத்துக் கொடுத்த அந்த அடித்தளத்தின்மீதுதான். தனியுடைமையை ஒழிக்க விரும்பிய கட்சியின் தலைவர் ஒருவர் கேட்டும் கிடைக்காத நியாயத்தை, தனியுடைமையைக் காக்க வந்த பங்குதாரர் ஒருவரின் வழக்கு இந்த தேசத்துப் பிரஜைகள் அனைவருக்கும் பெற்றுத் தந்தது. உரிமைகளுக்குக் கட்சி இல்லை, தம்பி. இதை நீ மனத்தில் ஆழப் பதித்துக்கொள்.

ஆனால், சொத்துரிமையின் பெயரால் எழுந்த வாதமெல்லாம் நியாயத்தின் பக்கமே நின்றதென்று நான் சொல்வேனாயின் அது சத்தியமாகாது. தலைமுறை தலைமுறையாக உழுதவன் வறுமையில் கிடக்க, உழாதவன் வாரத்தையும் வரியையும் அனுபவித்து வந்த ஜமீன் முறை ஒழிய வேண்டியதே. பீகாரின் நிலச் சீர்திருத்தச் சட்டத்தைப் பாட்னா உயர் நீதிமன்றம் 1951-இல் செல்லாதென்று தள்ளியபோது, நேருவின் சர்க்கார் பொறுமை இழந்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது. எனினும் அவர்கள் கையாண்ட உபாயத்தைக் கவனி. அவ்வாண்டு ஜூன் மாதம் நிறைவேறிய முதல் சாசனத் திருத்தம், 31-பி என்ற ஷரத்தையும் ஒன்பதாவது அட்டவணையையும் புதிதாகச் சேர்த்து, அவ்வட்டவணையில் இடம்பெறும் சட்டம் எதுவானாலும் ஆதார உரிமைக்கு விரோதமானது என்ற காரணத்தால் அதைத் தள்ள முடியாதபடி செய்தது. சென்னை ராஜ்யத்தில் தடை செய்யப்பட்ட கிராஸ் ரோட்ஸ் என்ற வாரப் பத்திரிகையின் வழக்கில் உச்ச நீதிமன்றம் பேச்சுச் சுதந்திரத்துக்குக் கொடுத்திருந்த விரிவான பாதுகாப்பைச் சுருக்கியதும் அதே திருத்தமே. ஜமீன்தாரின் நிலமும் பத்திரிகை ஆசிரியரின் பேனாவும் ஒரே மசோதாவினால் ஒரே நாளில் காவலிழந்தன என்பது தற்செயலான நிகழ்ச்சியன்று.

தொடக்கத்தில் அவ்வட்டவணையில் இருந்தவை 13 சட்டங்கள். அனைத்தும் நிலச் சீர்திருத்தம் பற்றியவை. 1964-இல், 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் உச்சவரம்பு விதித்த சென்னை ராஜ்யத்தின் நிலச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் தள்ளிய சில மாதங்களுக்குள், 17-ஆவது திருத்தம் வந்து, சர்க்காருக்கு நேரே வரி கட்டும் ரயத்துவாரிப் பட்டாதாரரின் நிலத்தையும் ஜமீனோடு ஒரே பட்டியலில் சேர்த்தது. 44 சட்டங்கள் மேலும் அட்டவணை ஏறின. ராஜாஜி 1959-இல் சென்னையில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது எச்சரித்தது இத்தகைய அதிகாரப் பெருக்கத்தைக் குறித்தே. நெருக்கடி நிலைக் காலத்தில் அதே அட்டவணையில் புகுந்தவை எவை தெரியுமா? விசாரணையின்றிச் சிறையிலிட அதிகாரம் தந்த மிசா சட்டமும், பத்திரிகைகளின் வாயைக் கட்டிய 1976-ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான விஷயங்கள் பிரசுரத் தடைச் சட்டமும்! உழுதவனுக்கு நிலம் தருவதற்கென்று எழுப்பிய அரண், கால் நூற்றாண்டுக்குள் சிறைக் கதவுக்கும் தணிக்கை அதிகாரிக்கும் காவலாயிற்று. நல்ல நோக்கத்துக்காகத் தரப்படும் வரம்பற்ற அதிகாரம், அந்நோக்கம் தீர்ந்தபின் தானே திரும்பிப் போய்விடுவதில்லை. அடுத்து வருபவனுடைய கைக்குக் கருவியாகக் காத்திருக்கிறது.

அவ்விரு சட்டங்களையும் 44-ஆவது திருத்தம் அட்டவணையிலிருந்து நீக்கிற்று. ஆயினும் அட்டவணை வளர்ந்து 284 சட்டங்களைத் தாங்கி நின்றது. 2007 ஜனவரி 11 அன்று, நம் நீலகிரியின் கூடலூர் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்திலிருந்து கிளைத்த ஐ. ஆர். கொயலோ வழக்கில், ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, 1973 ஏப்ரல் 24-க்குப் பின் அட்டவணையில் சேர்ந்த எந்தச் சட்டமும் சாசனத்தின் ஆதார அமைப்பைச் சிதைக்குமாயின் நிற்காது என்று கூறி அவ்வரணுக்கு வரம்பு கட்டினர். அத்தேதி கேசவானந்த பாரதி வழக்கின் தீர்ப்பு நாள்; எடநீர் மடத்தின் நிலங்களைப் பற்றிய ஒரு சொத்து வழக்கே, பாராளுமன்றத்தாலும் மாற்ற முடியாத அம்சங்கள் சாசனத்தில் உண்டு என்ற பெருந்தத்துவத்துக்குத் தாயாயிற்று. அவ்வழக்கில் சொத்துரிமை ஆதார அமைப்பைச் சேர்ந்ததன்று என்று எழுதிய நீதிபதி எச். ஆர். கன்னா, 1976 ஏப்ரலில், நெருக்கடி நிலையிலும் ஒருவனை நியாயமின்றிச் சிறையில் வைக்கச் சர்க்காருக்கு உரிமையில்லை என்று ஐந்து நீதிபதிகளில் தாம் ஒருவராக மாறுபட்டு நின்று, பிரதம நீதிபதிப் பதவியை அதற்கு விலையாகக் கொடுத்தார். ஆகவே, சொத்துரிமையைப் பற்றி எந்த அபிப்பிராயம் உடையவனாயினும் சரி, அதிகாரத்துக்கு வரம்பு உண்டென்று சொல்லும் துணிவே இத்தொழிலில் முதற்பண்பு.

இனி உன் வழக்குக்கு வருகிறேன். அதே 44-ஆவது திருத்தம், நெருக்கடி நிலையிலும் உயிருக்கும் உடலுக்கும் உள்ள உரிமையை நிறுத்தி வைக்க முடியாதபடி செய்து நமக்குப் பேருதவி புரிந்தது. ஆனால் சொத்துரிமையை ஆதார உரிமைகளின் வரிசையிலிருந்து எடுத்து, சட்டத்தின் அதிகாரமின்றி எவர் சொத்தையும் பறிக்கலாகாது என்னும் 300-ஏ ஷரத்தாகச் சுருக்கியும் வைத்தது. இதனால் உன் கட்சிக்காரர் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போக இயலாது. 226-ஆவது ஷரத்தின்கீழ் உயர் நீதிமன்றமே அவருக்குப் புகலிடம். அந்த ஒரு வாக்கியத்தின் வலிமையைக் குறைவாக மதிக்காதே. இமாசலப் பிரதேசத்தில் 1967-68-இல் சாலை போடுவதற்கென்று எழுத்தறியாத ஒரு பெண்மணியின் நிலத்தை, ஆர்ஜித நடவடிக்கையோ நஷ்ட ஈடோ இன்றிச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. அவர் முதிய விதவையாக நீதிமன்றத்தை அணுகியபோது, இத்தனை ஆண்டுகள் நாங்களே அனுபவித்து வந்தோம், ஆகையால் எதிரிடை அனுபவ பாத்தியத்தால் நிலம் எங்களுடையதாயிற்று என்று அச்சர்க்கார் கூசாமல் வாதாடிற்று. நல்லரசு தன் பிரஜையின் நிலத்தை அவ்வாறு கவர முடியாதென்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்து, நஷ்ட ஈடு வழங்கப் பணித்தது.

எந்தச் சட்டத்தின்கீழ் நிலம் எடுக்கிறார்கள் என்பதே உன் முதற்கேள்வியாக இருக்கட்டும். 1894-ஆம் ஆண்டின் பழஞ்சட்டத்தை நீக்கி 2014 ஜனவரி முதல் அமலுக்கு வந்த மத்திய சட்டம், சமூகத் தாக்க மதிப்பீடும், ஆட்சேபணை சொல்ல 60 நாள் தவணையும், தனியார் கம்பெனிக்காக எடுக்கும்போது 80 சதவீதக் குடும்பங்களின் சம்மதமும் வேண்டுமென்கிறது. ஆனால் நம் ராஜ்யத்தின் நெடுஞ்சாலைச் சட்டமும் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டமும் இவற்றுள் பலவற்றுக்குக் கட்டுப்படாதவை. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவை செல்லாவென்றது, சட்டசபை அவற்றுக்கு மறுபடி உயிர் கொடுத்தது, 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. சட்டத்தை அறிந்தபின், 2024-இல் கொல்கத்தா மாநகராட்சியின் பூங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் 300-ஏ ஷரத்துக்குள் கண்ட ஏழு கடமைகளை ஒவ்வொன்றாகப் பரிசோதி: நோட்டீஸ் கொடுத்தார்களா, ஆட்சேபணையைக் கேட்டார்களா, காரணம் காட்டி முடிவு செய்தார்களா, நோக்கம் மெய்யாகவே பொதுநோக்கமா, நியாயமான ஈடு தந்தார்களா, காலம் கடத்தாமல் நடத்தினார்களா, நடவடிக்கையை முறைப்படி முடித்தார்களா? இன்னொன்றையும் மறவாதே. ரயத்துவாரி நிலத்தின் காவலைக் குறைத்த அந்த 17-ஆவது திருத்தமே, உச்சவரம்புக்குள் தானே உழுது பயிரிடும் நிலத்தைச் சர்க்கார் எடுக்குமாயின் சந்தை மதிப்புக்குக் குறையாத ஈடு தர வேண்டுமென்று 31-ஏ ஷரத்தில் ஒரு காப்பையும் வைத்தது. சிறு விவசாயியின் வழக்கில் அதை எடுத்துரைப்போர் மிகச் சிலர்.

இவ்வளவு சொல்வதால் சர்க்காரைப் பகையாகக் கருதும்படி உனக்கு உபதேசிக்கிறேன் என்று கொள்ளலாகாது. பாதையும் பாசனமும் ஆஸ்பத்திரியும் பள்ளியும் நிலமின்றி அமையா. ஊருக்காக ஒருவன் தன் காணியை விட்டுக்கொடுக்க வேண்டிய சந்தர்ப்பம் உண்டு. நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் சிறு நிலத்தின் விளைச்சலும் யானைக்குப் பல நாளைக்கு உணவாகும், யானையே வயலுக்குள் இறங்கிவிட்டால் அது உண்பதைவிட மிதித்து அழிப்பதே மிகுதி என்று சங்கப் புலவர் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குக் கூறியது வரியைப் பற்றி மட்டுமன்று, அதிகாரம் முழுவதையும் பற்றிய அறிவுரை. நோட்டீசும் விசாரணையும் ஈடும் வெறும் சடங்குகளல்ல. அவை இருக்குமிடத்து நில எடுப்பு பொதுப்பணியாகிறது, அவை இல்லாதவிடத்து அது பறிப்பாகிறது.

உன் நடத்தைக்கும் சில வார்த்தைகள். கட்சிக்காரரின் பட்டாவையும் சிட்டாவையும் அடங்கலையும் நீயே வரிவரியாகப் படி; சர்வே எண்ணில் நேரும் ஒரு பிழை, நீ மேற்கோள் காட்டும் தீர்ப்புகள் அனைத்தையும் வீணாக்கிவிடும். முடிந்தால் அந்த நிலத்துக்கே போய் நின்று பார். கிணறும் மரமும் களமும் ஈட்டுக் கணக்கில் விட்டுப்போயிருப்பதை வரைபடம் உனக்குச் சொல்லாது. வருகிற நஷ்ட ஈட்டில் இத்தனை பங்கு என்று ஒருபோதும் பேசாதே. வழக்கின் பலனோடு பீஸைப் பிணைப்பது பார் கவுன்சில் விதிக்கு விரோதம் என்பதோடு, நிலத்தை இழந்தவனிடம் இரண்டாவது ஆர்ஜிதம் நடத்துவதாகும். பட்டா இல்லாத புறம்போக்குக் குடிசைவாசி உன்னிடம் வந்தால், சொத்து இல்லாதவனுக்குச் சொத்துரிமையால் என்ன பயன் என்று திருப்பி அனுப்பிவிடாதே; பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமைக்குள் அடங்குமென்றும், அவர்களையும் கேளாமல் அகற்றலாகாதென்றும் சொன்னது, உடைமையில்லாதவனுக்கும் அதே முறையைக் கோருவதற்கு உனக்கு ஆதாரம். உனக்குப் பிடிக்காத கொள்கையுடையவனின் வழக்கு வரும்போதும் இதே சிரத்தையோடு எடுத்து நடத்து. அவனுக்கு மறுக்கப்படும் விசாரணை உன் கட்சிக்காரருக்கும் ஒருநாள் மறுக்கப்படும்.

காலப்போக்கில் நீயே சர்க்கார் வழக்கறிஞராகி எதிர்ப்பக்க நாற்காலியில் அமரக்கூடும். அப்போது உன்முன் வரும் கோப்பில் நோட்டீஸ் சார்வு செய்யப்படவில்லையென்று கண்டாயானால், அதை நீதிபதி கண்டுபிடிக்கட்டும் என்று காத்திராமல், இலாகா அதிகாரியை அழைத்து, இந்த உத்தரவை வாபஸ் வாங்கி முறைப்படி மறுபடி தொடங்குங்கள் என்று எழுத்து மூலமாகச் சொல். பிரஜைக்காக வாதாடிப் பெறும் வெற்றி ஒரு குடும்பத்தைக் காக்கும். சர்க்காரின் வரம்பைச் சர்க்காருக்கே எடுத்துரைத்து அதைத் திருத்துகிற வழக்கறிஞர், நீதிமன்றத்தின் படியேற வழியறியாத ஆயிரம் குடும்பங்களைக் காக்கிறார்.

உன் நலம் நாடும்,
முதிய வழக்கறிஞன்