சொல்லும் உரிமையும் நாவின் கண்ணியமும்

பினாங்கில் 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை அறியாத வியாபாரி நம்மில் யார்? அதை நிறுவிய காதிர் முகைதீன் தென்னிந்தியர்களின் தலைவர். ‘கப்பித்தான் கெலிங்’ அவருடைய பட்டம். கலிங்கத்தின் பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படும் அதே ‘கெலிங்’ இன்று கடைத்தெருவில் ஏளனமாய் வந்தால் நம் நெஞ்சு எரிகிறது.

அச்சொல்லையே சட்டத்தால் தடுக்கலாம் என்பர் சிலர். அப்படியானால் பள்ளிவாசலின் பெயரை என்ன செய்வது? அரசியலமைப்பின் 10ஆம் பிரிவு பேச்சுரிமை தருகிறது, எதையும் பேசலாம் என்பர் வேறு சிலர். அப்பிரிவே வரம்புக்கும் இடம் வைத்திருக்கிறது. பாக்கி வைத்தவரிடம் பாக்கியைக் கேட்பது உரிமை. அவருடைய நாட்டையும் பிறப்பையும் இழுப்பானேன்?

முதலில் நம் நாவைப் பார்ப்போம். கம்போங் ராஜாவில் நம் கடைக்கு வரும் தோட்டத் தொழிலாளி ஒருவரை, பெயர் கேளாமல், ‘ஏ, பங்களா!’ என்றே நாம் கூப்பிட்டு வந்தோம். ஒருநாள் அவர் சில்லறையை வாங்கிக்கொண்டு, தம் பெயரை நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார். வெட்கிப்போனோம்.

இழிவான பட்டப்பெயர்களால் அழைப்பதை ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் விலக்குகிறது. தெருவில் நாம் எதிர்பார்க்கும் மரியாதையை முதலில் நம் கடையில் கொடுப்போம்.