உளுந்துக்கு ரைசோபியம்: கஞ்சி முதலில் ஆறட்டும்

"ரைசோபியம் போட்டேன், ஒரு பலனும் தெரியலையே" என்று சொல்பவரிடம் நான் முதலில் கேட்பது, கஞ்சி ஆறியிருந்ததா என்றுதான். பொட்டலத்தில் கறுப்புத் தூளோடு இருப்பது உயிருள்ள பாக்டீரியா. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வேர் முடிச்சில் சேர்ப்பது அதன் வேலை. வாங்கிய பிறகு விதைப்பதற்குள் அதைக் கொன்றுவிடுவது நம் கைதான்.

வாங்கும்போது காலாவதி தேதியையும் பயிரின் பெயரையும் பாருங்கள். எல்லா ரைசோபியமும் எல்லாப் பயிரிலும் முடிச்சுப் போடாது. சோயாவுக்கானதை உளுந்துக்கு வாங்காதீர்கள். வீட்டில் யூரியா மூட்டைக்குப் பக்கத்திலோ தகரக் கூரைக்கு அடியிலோ வைக்க வேண்டாம்.

இனி கஞ்சி. 10 கிலோ விதைக்கு 200 கிராம் பொட்டலம் ஒன்று, கஞ்சி 200 மில்லி. உப்புப் போடாத வடிகஞ்சியாக இருக்கட்டும். விரலை விட்டால் வெதுவெதுப்புகூடத் தெரியக் கூடாது. அவசரக்காரர்கள் தவறுவது இங்கேதான்: மேலே ஆடை கட்டியதும் ஆறிவிட்டதென்று நினைத்துத் தூளைக் கொட்டிவிடுவார்கள், அடியில் சூடு அப்படியே இருக்கும். முதல் நாள் இரவே வடித்து வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. தூளைக் கஞ்சியில் கரைத்து, விதையைச் சாக்கில் பரப்பி, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் புரட்டுங்கள். மொத்தமாக ஊற்றினால் விதை ஊறித் தோல் சுருங்கும். ஒவ்வொரு விதையிலும் மெல்லிய கறுப்புப் பூச்சு ஒட்டியிருந்தால் போதும். சிலர் வெல்லக் கரைசல் சேர்ப்பார்கள், நான் சேர்ப்பதில்லை. நெல் தரிசில் விதை மண்மேல்தானே கிடக்கிறது, எறும்பை விருந்துக்கு அழைத்த மாதிரி ஆகிவிடும்.

பூசணக் கொல்லி மருந்தையும் இதையும் ஒரே பாத்திரத்தில் கலக்கவே கூடாது. ரசாயன மருந்தில் நேர்த்தி செய்வதாக இருந்தால் அதை முதலில் முடித்து, 24 மணி நேரம் விட்டு ரைசோபியத்துக்கு வாருங்கள். டிரைக்கோடெர்மா என்றால் இந்தக் கவலை இல்லை. கிலோவுக்கு 4 கிராம் கலந்துவிட்டு, அதன் மேலேயே ரைசோபியம் பூசலாம். பூச்சிமருந்து அடித்த வாளியைக் கழுவி எடுத்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம், வேறு வாளி எடுங்கள்.

நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைத்துவிடுங்கள். டெல்டாவில் அறுவடைக்கு முன் நெல்லுக்குள்ளேயே தெளிப்பவர்கள் மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். விதை நேர்த்திக்கு நேரமில்லாமல் போனால், உழுது விதைக்கும் நிலத்தில் ஏக்கருக்கு 4 பொட்டலத்தை 10 கிலோ மக்கிய தொழுவுரம், 10 கிலோ மண்ணோடு கலந்து விதைப்புக்கு முன் தூவலாம்.

முப்பது நாள் செடியைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள், முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். மண்வெட்டியால் மண்கட்டியோடு பெயர்த்து, தண்ணீரில் அலசுங்கள். முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. அப்படி ஆவதற்கு ஒரு காரணம், செடி வெளிறித் தெரிகிறதென்று யூரியாவை அள்ளி வீசுவது. தழைச்சத்து சும்மா கிடைத்தால் செடி முடிச்சுக்குத் தீனி போடாது. பூக்கும்போது தெளிக்கிற 2 சதவீத டிஏபி கரைசலுக்கு இந்தத் தடை கிடையாது, அதை வழக்கம்போல் தெளிக்கலாம்.