பிரசவத்திற்கு முந்திய மாதங்கள்

இந்தியாவில் மருத்துவ நிலையங்களில் நிகழும் பிரசவங்கள், 2005-06-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 39 என்ற அளவிலேயே இருந்தன. 2019-21 கணக்கெடுப்பில் இத்தொகை 89-ஐ நெருங்கிற்று. முன்னேற்றம் பெரிதே. எனினும், இதை மட்டும் கொண்டு தாய்மார்கள் மருத்துவ வசதிகளை முழுதும் பயன்படுத்துகின்றனர் என்று முடிவு கட்டலாகாது. பீகார் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். 2019-21-இல் அங்கு நூற்றுக்கு 76 பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. ஆனால் கர்ப்ப காலத்தில் நான்கு முறையேனும் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 25 பேரே. பிரசவ நாளில் வருகிறவர்கள் அதற்கு முந்திய மாதங்களில் வாராமைக்குக் காரணம் யாது?

வலி கண்டவுடன் வீட்டார் தாமே விரைகின்றனர். மேலும், 2005-இல் தொடங்கிய ஜனனி சுரக்ஷா திட்டத்தின்படி, பீகார் போன்ற மாநிலங்களில் அரசு நிலையத்தில் பிரசவிக்கும் கிராமப்புறத் தாய்க்கு 1,400 ரூபாய் அளிக்க ஏற்பாடாயிற்று. ஆஷா ஊழியரும் துணை வருகிறார். மூன்றாம் மாதத்திலோ வலியும் இல்லை, அவசரமும் இல்லை. நோயில்லாதவள் வைத்தியரிடம் போவானேன் என்று வீட்டார் கருதுகின்றனர். பரிசோதனை இலவசமாயினும், அதற்காக இழக்கும் ஒரு நாள் கூலி இலவசமன்று.

பெண் தானே முடிவு செய்வதும் அரிது. கண்ணேறு படும் என்று அஞ்சி முதல் மாதங்களில் கர்ப்பத்தை வெளியிற் சொல்லாத குடும்பங்கள் பல. கணவன் பஞ்சாபிலோ டில்லியிலோ கூலி வேலையில் இருப்பான், முடிவு மாமியாருடையதாகிறது. அவர் தம் மக்களை வீட்டிலேயே பெற்றெடுத்தவர். அவ்வனுபவத்தை அறியாமையென்று ஒதுக்கும் ஊழியர், திறந்திருந்த கதவைத் தாமே அடைத்தவராவார். முதற் பிரசவத்திற்குத் தாய் வீடு செல்லும் பெண்ணின் பெயர் புகுந்த ஊர்ப் பதிவேட்டிலேயே நின்றுவிடுகிறது. பிறந்த ஊரின் ஊழியருக்கு அவள் புதியவள். நான்காம் குழந்தையைச் சுமப்பவளோ, பழகியதுதானே என்று பரிசோதனையை விட்டுவிடுகிறாள்.

தூரமும் ஒரு தடையே. கோசி ஆற்றின் வெள்ளத் தடுப்புக் கரைகளுக்கு இடைப்பட்ட ஊர்களில் மழைக்காலத்தில் படகன்றி வழியில்லை. சில இடங்களில் தூரம் மைல் கணக்கினதன்று. மாதந்தோறும் அங்கன்வாடியில் நடைபெறும் பரிசோதனை நாளுக்கு, டோலா எனப்படும் ஒதுக்குப்புறக் குடியிருப்பிலுள்ள தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்கள், அது ஊரின் நடுவே உயர்சாதியார் தெருவில் இருப்பின், வரத் தயங்குகின்றனர். பரிசோதனையிடத்தில் மறைப்புத் திரை இல்லாமையும், கடுஞ்சொல்லும் இத்தகையனவே. ஒருத்தி பட்ட ஏச்சு அன்று மாலைக்குள் டோலா முழுதும் தெரிந்துவிடும்.

இதனால் நேரும் இழப்பைக் கணக்கிட்டுக் காணலாம். 2019-21-இல் பீகாரின் கர்ப்பிணிகளுள் நூற்றுக்கு 63 பேர் இரத்தசோகை உடையவர்கள். நான்காம் மாதம் முதல் நாளுக்கு ஒன்றாக 180 நாட்கள் இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்ள வேண்டும். ஏழாம் மாத முடிவில் முதன்முறை வருபவளுக்கு எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 60 நாட்களே. பிரசவத்தின்பின் உதிரப்போக்கு மிகுமாயின், நல்ல இரத்தமுள்ளவள் தாங்கும் இழப்பை இவள் தாங்காள். உயர் இரத்த அழுத்தமும் அளந்து பார்த்தாலன்றிப் பெரும்பாலும் வெளிப்படாது.

ஆகவே களப் பணியாளர், புதிதாக மணமான பெண்ணுள்ள வீட்டில் மாமியாரிடமே முதலிற் பேசுதல் நன்று. மாதவிலக்கு நின்ற தேதியைக் கேட்டால் பலருக்கு விடை தெரியாது. ஹோலிக்கு முன்னா பின்னா, சத் பூஜைக்கு எத்தனை நாள் கழித்து என்று கேட்டால் தெளிவாகச் சொல்வர். தாய் வீட்டிற்குப் புறப்படுகிறவளிடம் தாய் சேய் பாதுகாப்பு அட்டையைக் கொடுத்தனுப்பி, அவ்வூர் ஊழியருக்கும் தெரிவிக்கவேண்டும். 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு நிலையங்களில் மருத்துவர் கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் ஏற்பாடு உள்ளது. அத்தேதியைப் பள்ளிக் கரும்பலகையில் ஆசிரியர் எழுதி வைப்பாராயின், செய்தி மாணவர் வாயிலாக அன்றே வீடுகளை அடையும்.