பந்தலில் பழம், வியாபாரி கையில் விலை

கேள்வி: பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தும் விலை நிலைக்கவில்லையே, ஏன்?
– வாசகர், காமயகவுண்டன்பட்டி

பதில்: 2023-ல் கிடைத்த குறியீடு பெயரைத்தான் காக்கும், விலைக்கு உத்தரவாதம் தராது.

பன்னீர் விளையும் தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கின் பலமே ஆண்டு முழுக்கப் பழம் கிடைப்பதுதான். கவாத்து செய்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பந்தலில் கருங்குலைகள் தொங்கும். ஆனால் ஜனவரி தாண்டியதும் மகாராஷ்டிரத்தின் விதையில்லாத் திராட்சை சந்தையை நிறைக்கிறது. பன்னீர் விலை படுத்துவிடுகிறது. அறுப்பு நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடிக்கும். வெடித்த குலையை வியாபாரி தொடமாட்டார். பறித்ததைச் சில நாள்கூட வைத்திருக்க முடியாததால், தோட்டத்துக்கு வருபவர் சொல்வதே விலை.

காயவைத்து இருப்பு வைக்கக்கூடிய ஏலக்காயே விலைச் சரிவிலிருந்து தப்பவில்லை. 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்ட ஏலத்தில் உச்சமாகக் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது, 2022-ல் சராசரியாக 1,000-க்கும் கீழே இறங்கியது. மலையில் தோட்டம் வைத்திருக்கும் தேனிக்காரர்களுக்கு அந்தச் சரிவு மறக்காது.

ஏலக்காய்க்காவது போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இருக்கிறது, அன்றன்றைய விலை ஊருக்கே தெரியும். திராட்சைக்கும் அப்படியொரு பொது ஏலமும், பள்ளத்தாக்கிலேயே போதுமான குளிர்பதனக் கிடங்கும், பழச்சாறு ஆலையும் வேண்டும். விவசாயிகள் சேர்ந்து அரசிடம் கேட்க வேண்டியது இதைத்தான்.