டர்போ மேல் பழி போடும் முன்…

ஏற்காடு மலைப்பாதையில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தும் வண்டி ஏற மறுத்து மூச்சு வாங்கியது. கண்ணாடியில் பார்த்தால், பின்னால் வந்த பைக்காரர் என் கரும்புகையில் முக்கால்வாசி மறைந்திருந்தார். மறுநாள் ஒரு பட்டறையில் காட்டினேன். பானட்டை முழுசாகத் தூக்கி நிறுத்தக்கூட இல்லை, “டர்போ போயிடுச்சு சார், மாத்திடலாம்” என்றார்கள். போயிருந்தது டர்போ இல்லை. அதிலிருந்து, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிவயிற்றில் இரண்டு விரற்கடை நீளத்துக்கு ஒரு கிழிசல்.

டர்போ வேலை செய்யும் விதம் எளிது. வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கும். சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பியூஷி 1905-ல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. அப்படித் திணிக்கும் அழுத்தத்துக்குப் பெயர்தான் பூஸ்ட். (பால் டம்ளர் நினைவுக்கு வந்தால் தப்பில்லை; அதை ஆற்றும்போது சிந்துவது போலத்தான் இதுவும் வழியில் சிந்துகிறது.) மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டது. இன்று ஓடும் அந்தக் குட்டி டீசல்களின் ரப்பர் குழாய்களுக்கு இனி வயது ஏறுமே தவிர இறங்காது. புதிதாக வரும் சின்ன பெட்ரோல் கார்களிலும் டர்போ சர்வசாதாரணம். ஆகவே இந்தக் குறிப்புகள்.

1. முதலில் காதைக் கொடுங்கள். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஏசியையும் பாட்டையும் நிறுத்திவிட்டு, ஒரு சுவரோரமாக மூன்றாவது கியரில் மிதித்துப் பாருங்கள். குக்கர் விசில் வருவதற்கு முன் கேட்கும் ‘உஸ்ஸ்’ போல ஒரு சத்தம், மிதிக்கும்போது மட்டும் வந்து காலை எடுத்ததும் நின்றால், பாதி வேலை முடிந்தது. சுவர் எதற்கு என்றால், சத்தம் அதில் பட்டுத் திரும்பி உள்ளே கேட்கும்.

2. நிறுத்தி வைத்த வண்டியின் ஐடிலிங்கை நம்பாதீர்கள். “ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன், நல்லாத்தானே இருக்கு” என்பது பட்டறைகளில் தினம் கேட்கும் வசனம். ஐடிலிங்கில் டர்போ பெரிதாக அழுத்தம் தருவதில்லை. சுமை ஏறும்போதுதான் கிழிசல் வாய் திறக்கும், இன்ஜின் அடங்கினால் மூடிக்கொள்ளும்.

3. அறிகுறிகள் வண்டிக்கு வண்டி மாறும். டீசலில் பிக்கப் குறையும், கரும்புகை வரும், மைலேஜ் இறங்கும். உள்ளே வந்ததாகக் கணக்கெடுத்த காற்றில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடுகிறது. கணக்குப்படி ஊற்றிய டீசலுக்கு எரியக் காற்று போதவில்லை. பெட்ரோலில் புகையாக அவ்வளவு தெரியாது. தயக்கமும் உதறலும்தான் தெரியும். இன்னும் மோசமானால் இரண்டு வகையிலும் இன்ஜின் விளக்கு எரிந்து, வண்டி தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் ‘லிம்ப் மோடு’க்குப் போய்விடும்.

4. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போக வேண்டாம். அடைத்துப் போன ஃபில்டரும், புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால் அதுவும் இதே கரும்புகையைத் தரும். ஃபில்டர் பெட்டியை மூடும்போது கிளிப்புகள் எல்லாம் சரியாக உட்கார்ந்தனவா என்று பாருங்கள். டர்போவுக்கு முன்னால் இருக்கும் குழாயில் ஓட்டை என்றால் காற்று வெளியே போகாது; தூசி உள்ளே வரும், அது டர்போவின் இறக்கைகளைத் தேய்த்துவிடும். அதுவும் கெடுதல்தான், கெடுக்கும் வழிதான் வேறு.

5. ஓபிடி ரீடர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். ப்ளூடூத்தில் செல்போனோடு பேசும் சின்ன டப்பா. அதில் பி0299 என்ற பிழைக் குறியீடு வந்தால், கேட்ட அளவு பூஸ்ட் கிடைக்கவில்லை என்று பொருள். அந்தக் குறியீடு ‘கிடைக்கவில்லை’ என்றுதான் சொல்கிறது, ‘டர்போ செத்துவிட்டது’ என்று சொல்லவில்லை. அதே டப்பாவில் இன்டேக் மேனிஃபோல்டு அழுத்தத்தையும் பார்க்கலாம். சாவி போட்டு இன்ஜினை ஓட்டாமல் பார்த்தால், சென்னையில் 100 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்டும். ஊட்டியில் 77-ஐ ஒட்டி. இது வெளிக்காற்றின் அழுத்தம். முழுசாக மிதிக்கும்போது பல டீசல் வண்டிகளில் இது 200-ஐத் தொடும். உங்கள் வண்டி 140, 150-லேயே நொண்டினால் காற்று எங்கோ போகிறது. எண்ணைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும்.

6. எண்ணெய்க் கறையைத் தேடுங்கள். இன்ஜின் ஆவியோடு வரும் மெல்லிய எண்ணெய் இந்தக் குழாய்களுக்குள் எப்போதும் படிந்திருக்கும். கொஞ்சம் இருப்பது நோயல்ல. ஓட்டை இருந்தால் அந்த எண்ணெய் வெளியே கசிந்து, அதில் தூசி ஒட்டி, கரிச்சட்டியின் அடி போல ஒரு திட்டு உருவாகும். இணைப்புகளைச் சுற்றியும் ஹோஸ்களின் அடிப்பக்கத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் என் ஹோஸ் புத்தம் புதிது. சின்னக் கண்ணாடித் துண்டைக் கீழே நீட்டியபோதுதான் கிழிசல் பல்லிளித்தது. இன்ஜின் ஆறிய பிறகு ஹோஸைக் கையால் அமுக்கி வளைத்தும் பாருங்கள். ஓய்வில் மூடியிருக்கும் விரிசல் வளைத்தால் திறக்கும்.

7. சோப்புத் தண்ணீர்ச் சோதனை. பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி பார்ப்பார்களே, அதேதான். காரை முக்க முடியாது, தண்ணீரைக் காருக்குக் கொண்டுபோகிறோம். டர்போ காற்று இழுக்கும் வாயிலுள்ள ஹோஸைக் கழற்றி, அந்த வாய்க்குச் சரியாகப் பொருந்தும் பிவிசி எண்டு கேப்பை ஒரு துண்டு ஹோஸ் வைத்துக் கிளிப்பால் இறுக்குங்கள். கேப்பின் நடுவில் துளையிட்டு டியூப்லெஸ் டயர் வால்வு ஒன்றைச் செருகியிருக்க வேண்டும். வால்வு பஞ்சர் கடையிலேயே கிடைக்கும். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, வால்வு வழியே காற்றேற்றி, பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலை ஒவ்வொரு இணைப்பிலும் பீய்ச்சுங்கள். சைக்கிள் பம்பு இதற்குப் பற்றாது; நீங்கள் அடிக்கும் வேகத்தைவிடக் காற்று போகும் வேகம் அதிகம். காற்றுத் தொட்டியுள்ள கம்ப்ரஸர் வேண்டும், அதில் ரெகுலேட்டர் கட்டாயம் வேண்டும்.

8. அழுத்தம் 10 பிஎஸ்ஐ போதும், 15-ஐத் தாண்டவே வேண்டாம். கேப்புக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள். முதல் தடவை நான் கிளிப்பை அரைகுறையாக முடுக்கியிருந்தேன். ‘பட்’ என்று தெறித்த கேப் எதிர்ச் சுவரில் மோதியதில், பால் சட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பூனை அன்று முழுக்க வீட்டுப் பக்கம் வரவில்லை. டர்போ வாயில் அடைக்க இடமில்லாமல் ஃபில்டர் பக்கத்திலேயே அடைத்தால், காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சாரை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். அந்தக் குழாயில் வந்து சேரும் இன்ஜின் மூச்சுக் குழாயையும் கழற்றி, குழாய்ப் பக்கத் துளையை அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காற்று இன்ஜின் அடிப்பகுதிக்குள் புகுந்து ஆயில் சீல்களைப் பிதுக்கும். எந்த முறையானாலும் ஆயில் ஊற்றும் மூடி திறந்தே இருக்கட்டும்.

9. எல்லா ‘உஸ்’ஸும் லீக் அல்ல. திறந்திருக்கும் வால்வு வழியே கொஞ்சம் காற்று இன்ஜினுக்குள் போய், ஆயில் மூடி வழியாகவோ சைலன்சர் வழியாகவோ மெல்லக் கேட்கும். அதைத் துரத்திக்கொண்டு போனால் பொழுதுதான் போகும். குமிழி எங்கே நுரைத்துப் பொங்குகிறதோ அங்கேதான் உங்களுக்கு வேலை.

10. பெட்ரோலையோ கார்பரேட்டர் கிளீனரையோ தெளித்து லீக் தேடும் பழைய வித்தை இதில் வேண்டவே வேண்டாம். சூடான டர்போ மேல் பட்டால் தீ. ஓடும் டீசல் இன்ஜின் அதை உள்ளே இழுத்தால், சாவியைத் திருப்பினாலும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகலாம்.

11. ஓட்டை இருக்கும் வழக்கமான இடங்கள்: டர்போவிலிருந்து வரும் சூடான ஹோஸின் வளைவு, இன்டர்கூலரின் பிளாஸ்டிக் தலை அலுமினியத்தோடு சேரும் மடிப்பு, சொருகு இணைப்புக்குள் இருக்கும் ஓ-ரிங். இன்டர்கூலர் பம்பருக்குப் பின்னால் உள்ள வண்டிகளில் ஒரு சின்ன இடிக்குப் பிறகு அதையும் பாருங்கள். பெட்ரோல் வண்டிகளில், காலை எடுத்ததும் மிச்ச பூஸ்ட்டைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வின் உள்சவ்வு கிழியும்.

12. அப்புறம் எலி. நம் ஊர் பார்க்கிங்கில் எலி கடிக்காத மெல்லிய ஹோஸ் அதிர்ஷ்டக்கார ஹோஸ். டர்போவைக் கட்டுப்படுத்தும் பென்சில் தடிமன் குழாய் ஒன்று இருக்கும். அது வேக்குவத்தால் இயங்கும் வகை என்றால், கடிபட்டதும் பூஸ்ட் குறையும். பூஸ்ட் அழுத்தத்தாலேயே இயங்கும் வேஸ்ட்கேட் வகை என்றால் நேர்மாறாக, கட்டுப்பாடில்லாமல் பூஸ்ட் ஏறிப்போய் லிம்ப் மோடு வரும். இரண்டுக்கும் வைத்தியம் ஒரு முழக் குழாய்தான். அதற்காக டர்போவை மாற்றுவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

13. சரிசெய்யும்போது முதல் மருந்து துடைப்பதுதான். கழற்றியதும் டர்போ வாயை சுத்தமான துணியால் சுற்றிக் கட்டுங்கள்; திணிக்காதீர்கள். உள்ளே நட்டு ஒன்று விழுந்தால் அப்போது நிஜமாகவே டர்போ போய்விடும். ஹோஸின் உள்ளேயும் குழாயின் வெளியேயும் எண்ணெய்ப் பசையை வழித்தெடுத்து உலர விடுங்கள். எண்ணெய் இருந்தால் எத்தனை இறுக்கினாலும் ஹோஸ் வழுக்கிக் கழன்றுகொள்ளும். குழாய் நுனியில் ஒரு மேட்டு விளிம்பு இருக்கும்; கிளிப் அதற்குப் பின்னால் உட்கார வேண்டும், அதன் மேல் அல்ல. பல்லுள்ள சாதாரணக் கிளிப்பை வெறியோடு முடுக்கினால் ரப்பரை அறுத்துவிடும். அழுத்தம் அதிகமுள்ள இடங்களுக்கு டி-போல்ட் கிளிப் நல்லது.

14. எம்சீல், ஃபெவிக்விக், இன்சுலேஷன் டேப் எதுவும் நிற்காது. வழியில் மாட்டிக்கொண்டால், ஹோஸ் ஆறிய பின் துடைத்துவிட்டு, பழைய சைக்கிள் டியூபை ரிப்பனாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றி, இரண்டு முனையிலும் கிளிப் போடுங்கள். மெதுவாக மிதித்தால் வீடு வந்து சேரலாம். நான் அப்படித்தான் சேலத்திலிருந்து வந்தேன். ஆனால் டியூபோடு ஆறு மாதம் ஓட்டுவேன் என்று இருந்துவிடாதீர்கள். காற்று சிந்தும்போது அதை ஈடுகட்ட, ஏற்கெனவே நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருக்கும்.

15. ஹோஸ் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். உள்விட்டம், வளைவு, நீளம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ரேடியேட்டர் ஹோஸ் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். எண்ணெய் பட்டால் ஊதி மெத்தென்று ஆகிவிடும். சிலிக்கான் ஹோஸ் கேட்டால், எண்ணெய் தாங்கும் உள்பூச்சு உள்ளதா என்று கேளுங்கள். வெறும் சிலிக்கான் வியர்ப்பது போல எண்ணெயைக் கசிய விடும்.

16. மாட்டிய பின் மறுபடி 10 பிஎஸ்ஐ ஏற்றி, மறுபடி சோப்பு. ஒரு லீக்கை அடைத்தால் அதுவரை பேசாமல் இருந்த இன்னொன்று வாய் திறப்பது வழக்கம். பிறகு பிழைக் குறியீட்டை அழித்து, முதலில் ஓட்டிப் பார்த்த அதே சாலையில், அதே மூன்றாவது கியரில் ஓட்டிப் பாருங்கள். 200 கிலோமீட்டர் ஓடியதும் கிளிப்புகளை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். சூட்டில் ரப்பர் அமர்ந்து கால் சுற்று தளர்ந்திருக்கும்.