பாலை நிலத்துச் சுவர்களைப் படிக்கும் முறை

அன்புள்ள செல்விக்கு,

தார்ப் பாலைவனத்தின் கோட்டைகளையும் ஓவிய மாளிகைகளையும் காணச் செல்லும் மாணவர், மன்னர்களின் பெயர்களை மனப்பாடம் செய்வதற்கு முன், ஒவ்வொரு கட்டடத்தின் முன்னும் இரண்டு கேள்விகளை எழுப்பிப் பார்க்கப் பழக வேண்டும்: இங்கு வாழ்ந்தோருக்கு நீர் எங்கிருந்து கிடைத்தது, செல்வம் எங்கிருந்து வந்தது?

ராஜஸ்தானின் மேற்கிலுள்ள ஜெய்சல்மேர் கோட்டையை ராஜபுத்திர மன்னர் ராவல் ஜெய்சல் 1156இல் திரிகூடம் என்னும் குன்றின்மேல் நிறுவினார். மஞ்சள் மணற்கல்லால் ஆன அதன் 99 கொத்தளங்கள், அதாவது மதிலிலிருந்து வளைந்து முன்தள்ளி நிற்கும் காவல் அரண்கள், சிந்து நாட்டை நோக்கிச் சென்ற வணிகப் பாதையைக் கண்காணித்தன. அப்பாதையில் ஒட்டகங்களோடு சென்ற சாத்துகள், அதாவது வணிகக் கூட்டங்கள், செலுத்திய வரியே அரசின் வருவாயாக இருந்தது. மழை அரிதான அந்நகருக்குக் கடிசர் ஏரியில் தேக்கிய மழைநீரே நெடுங்காலம் ஆதாரமாக இருந்ததால், குடம் குடமாகச் சுமந்து வந்த நீரை மக்கள் சிக்கனமாகவே செலவிட்டனர். அந்த வறட்சிக்கு ஏற்பக் கட்டிய கோட்டைக்குள் இன்றும் மக்கள் வாழ்கின்றனர். ஆனால் குழாய் நீரும் விடுதிகளும் பெருகியபின், கழிவுநீர் குன்றின் களிமண் அடுக்குகளில் கசிந்து அடித்தளத்தை இளக்கியதால் கொத்தளங்கள் சில சரிந்தன. 2013இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இக்கோட்டைக்கு, முற்காலத்தில் பகைவரால் நேர்ந்த ஆபத்தை இன்று நீர் விளைவிக்கிறது.

செல்வம் பற்றிய கேள்விக்கு ஷேகாவாட்டிப் பகுதி விரிவாக விடை தருகிறது. 15ஆம் நூற்றாண்டின் ராவ் ஷேகாவால் பெயர்பெற்ற இப்பகுதியின் நவல்கர், மண்டாவா, ஃபதேப்பூர் முதலிய ஊர்களில் ஹவேலிகள் நிறைந்துள்ளன. ஹவேலி என்பது வணிகம் பேசவும் விருந்தினரை வரவேற்கவும் ஒரு வெளிமுற்றமும், பெண்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஓர் உள்முற்றமும் கொண்ட மாளிகை. துறைமுக நகரங்களின் வளர்ச்சியால் பாலைவழி வணிகம் நலிந்தபோது, மார்வாரி வணிகர் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் பெயர்ந்து, அங்கு ஈட்டிய பொருளைச் சொந்த ஊருக்கு அனுப்பி இவற்றைக் கட்டினர்; பிலானியிலிருந்து சென்ற பிர்லா குடும்பம் அதற்குப் புகழ்பெற்ற சான்று.

இச்சுவர்களில் பல, ஈரச்சுதை ஓவிய முறையில் தீட்டப்பட்டவை. சுண்ணாம்புப் பூச்சு உலர்வதற்குள் ஓவியர் வண்ணம் இடுவார்; பூச்சு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகும்போது நிறம் அதனுள் பிணைந்துவிடும்; பின்னர் அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். காவி, விளக்குக்கரி, அவுரி நீலம் ஆகியவை பழைய சுவர்களில் அடங்கித் தோன்ற, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இறக்குமதியான செயற்கை வண்ணங்கள் பளிச்சென்று தெரிவதால், ஒரு சுவரின் காலத்தை மாணவர் ஓரளவு கணிக்க முடியும். கண்ணன் கதைக்கும் இராமாயணக் காட்சிக்கும் அருகிலேயே மோட்டார் வண்டியும் ரயிலும் இடம்பெறுகின்றன. சன்னலுக்கு ஒரு முகம் வைத்து, பெட்டிகளை வரிசை வீடுகள்போல் தீட்டிய ரயிலைக் காண்போர், நேரில் காணாததையும் கேள்வியாலும் அச்சுப்படங்களாலும் அறிந்து வரைந்த கைவினைஞரின் துணிவை மதிக்காமல் இருக்க முடியாது.

1902இல் கட்டப்பட்டு இன்று அருங்காட்சியகமாக விளங்கும் நவல்கரின் போதார் ஹவேலி, தொடக்கநிலை மாணவருக்கு ஏற்ற இடம். உரிமையாளர் வெளியூரில் வாழ்வதால் பூட்டிக் கிடக்கும் பிற மாளிகைகளில், ஈரத்தோடு ஏறும் உப்பு சுவரை உதிர்க்கிறது. விரிசலுக்குப் பூசும் சிமெண்டு அந்த ஈரத்தை உள்ளேயே தேக்கிக் கேட்டை மிகுதியாக்குகிறது.

ஆகவே நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்காலத்தில் செல்வதும், காவலரின் அனுமதி பெற்று நுழைவதும், ஓவியத்தைக் கையால் தொடாதிருப்பதும், ஜெய்சல்மேரில் கோட்டைக்குள் தங்காமல் குன்றின் கீழுள்ள ஊரில் தங்குவதும் நல்ல பயணியின் கடமைகள். கட்டடம் எதனால் எழுந்தது, எதனால் தேய்கிறது என்று அறிந்தவரே அதற்குத் தீங்கு செய்யாமல் திரும்புவார். அந்த அறிவோடு செல்ல வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

அன்புடன்,
ஆசிரியர்